கேம் திக்குகிறதா? எப்படித் திக்குகிறது என்று முதலில் பாருங்கள்

போன மே மாதம் அக்கா மகன் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "லேக் ஆகுது மாமா." எப்படி லேக் ஆகிறது என்று கேட்டேன். "லேக் ஆகுதுன்னா லேக் ஆகுது, அதுல என்ன எப்படி?"

வருவதற்கு முன்பே அவன் செய்யாத வைத்தியம் இல்லை. மூன்று வீடியோ பார்த்து விண்டோஸ் சர்வீஸ்களில் பாதியை நிறுத்தியிருந்தான். பேஜ் ஃபைலை அணைத்திருந்தான். யாரோ கொடுத்த ரெஜிஸ்ட்ரி கோப்பை ஓட்டியிருந்தான். "கேம் பூஸ்டர்" ஒன்றைப் போட்டிருந்தான், அதுவே பின்னணியில் உட்கார்ந்து ரேமைத் தின்றுகொண்டிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் லேக் அப்படியே இருந்தது. கூடுதலாக பிரிண்டரும் வேலை செய்யவில்லை.

லேக் என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்தாறு வியாதி ஒளிந்திருக்கிறது. எப்போதும் மெதுவாக ஓடுவது ஒன்று. பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் படுத்துக்கொள்வது வேறு. நடுநடுவே ஒரு நொடி உறைவது இன்னும் வேறு. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குக் கேட்காது. அதனால் கீழே உங்கள் கம்ப்யூட்டர் எப்படித் திக்குகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

போவதற்கு முன் ஒரே ஒரு வேலை. திரையில் எண்களைக் காட்ட வையுங்கள். விண்டோஸ் பட்டனோடு ஜி எழுத்தை அழுத்தினால் கேம் பார் வரும், அதில் பெர்ஃபார்மன்ஸ் பெட்டியைத் திரையோடு குத்திவைக்கலாம். இன்னும் விவரமாக வேண்டுமென்றால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எந்த நிறுவனத்தின் கார்டிலும் ஓடும். எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் திரைக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்), படம் வரையும் சிப்பான ஜிபியுவின் பயன்பாடு, கணக்குப் போடும் சிப்பான சிபியுவின் ஒவ்வொரு கோரின் (அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) பயன்பாடு, வெப்பநிலை, கிளாக் வேகம், ரேம் இவ்வளவும் மூலையில் தெரிந்தால் போதும். பத்து நிமிடம் ஆடிப் பார்த்து எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அதே இடத்தில் அதே சண்டையை ஆடி மறுபடி எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

அவனுடைய மெஷின் 2018 வாக்கில் இங்கே நிறைய விற்ற ரகம். எட்டாம் தலைமுறை ஐ5 8250யு, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, சிபியுவோடு சேர்ந்தே வரும் யுஎச்டி 620 மட்டும். 4 ஜிபி ரேம், 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். அந்த ஒரே லேப்டாப்பில் மூன்று வியாதி இருந்தது.

முதல் நொடியிலிருந்தே படுமோசம், மெனுகூட நகரவில்லை

எளிதில் தீர்வது இதுதான், அதனால் முதலில் வைக்கிறேன். கம்ப்யூட்டரின் வசதிக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்கு மோசமாக ஓடினால், பெரும்பாலும் எதுவோ தப்பாகச் செருகப்பட்டிருக்கிறது அல்லது தப்பாகத் தேர்வாகியிருக்கிறது.

டெஸ்க்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் முதலில் எழுந்து போய்ப் பின்பக்கம் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா? சிரிக்காதீர்கள். பெட்டியைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது இந்தத் தப்பு நடந்துகொண்டேதான் இருக்கிறது.

லேப்டாப்பில் இரண்டு ஜிபியு இருந்தால், விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று உள்ளே போய் அந்த கேமைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். டிவைஸ் மேனேஜரையும் ஒரு முறை திறந்து பாருங்கள். டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் உங்கள் கார்டின் பெயருக்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் டிரைவரே ஏறவில்லை. டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தோ இன்டெல், ஏஎம்டி, என்விடியா தளங்களிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். "எல்லா டிரைவரையும் நாங்களே புதுப்பிக்கிறோம்" என்று வரும் மென்பொருள் எதுவும் வேண்டாம்.

அப்புறம் சார்ஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவின் வேகத்தைப் பாருங்கள். கேம் ஓடும்போதும் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே அசையாமல் நிற்கிறதா? சில லேப்டாப்கள் தங்களுக்குத் தெரியாத சார்ஜரைச் செருகினால், அல்லது சார்ஜர் முனையில் இருக்கும் அடையாளப் பின் உடைந்திருந்தால், பாதுகாப்புக்காக சிபியுவை அடிமட்ட வேகத்தில் கட்டிப்போடும். பேட்டரி செத்துப்போயிருந்தாலும் சில மாடல்களில் இதே கதைதான். என் பழைய லேப்டாப் இப்படி ஒரு மாதம் நொண்டியது. நானும் இரண்டு முறை விண்டோஸை ஃபார்மட் செய்தேன். கடைசியில் குற்றவாளி, அவசரத்துக்கு வாங்கிய மலிவு சார்ஜர். சரியான வாட்டேஜ் உள்ள, அந்த மாடலுக்கான சார்ஜரை இரவல் வாங்கியாவது செருகிப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சார்ஜரில் போடாமல் பேட்டரியில் கேம் ஆடுபவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் சார்ஜரைச் செருகவும்.

எப்போதும் ஒரே சீராக மெதுவாக ஓடுகிறது

20, 25 எஃப்பிஎஸ். ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. இங்கே கேள்வி ஒன்றுதான்: மூச்சு முட்டுவது ஜிபியுவுக்கா, சிபியுவுக்கா?

சோதனை எளிது. கேமின் ரெசல்யூஷனைச் சும்மா ஒரு முறை தரைமட்டத்துக்கு இறக்குங்கள், 800க்கு 600 என்றாலும் சரி. எஃப்பிஎஸ் துள்ளி ஏறினால் தடை ஜிபியு. அப்படியே நின்றால் தடை சிபியு, ஏனென்றால் படம் சின்னதானாலும் சிபியுவின் கணக்கு வேலை குறையாது. மொத்த சிபியு பயன்பாடு 40% என்று காட்டுவதை வைத்து அது சும்மா இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். நான்கு கோரில் ஒன்று மட்டும் 100%-ல் வெந்துகொண்டிருந்தாலும் மொத்தக் கணக்கில் அது தெரியாது. அதற்குத்தான் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னேன்.

தடை ஜிபியு என்றால் ரெசல்யூஷன்தான் முதல் ஆயுதம். 1920க்கு 1080 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகளை வரைய வேண்டும். 1280க்கு 720 என்றால் 9 லட்சத்து 21 ஆயிரம். பாதிக்கும் குறைவு. அடுத்து நிழல்களை லோ அல்லது ஆஃப். பிறகு ஆம்பியன்ட் ஒக்லூஷன் (மூலைமுடுக்கில் விழும் மெல்லிய நிழல்), ஆன்டி அலையாசிங் (விளிம்புகளை வழவழப்பாக்குவது), புல்வெளி, தண்ணீரில் தெரியும் பிரதிபலிப்பு. டெக்ஸ்சரை, அதாவது சுவர், தரை மேல் ஒட்டும் படங்களை, மட்டும் கண்ணை மூடிக்கொண்டு லோவுக்குத் தள்ள வேண்டாம். கார்டின் மெமரிக்குள் அடங்கும்வரை டெக்ஸ்சர் வேகத்தைப் பெரிதாகக் குறைக்காது. அதைக் குறைத்தால் சுவரெல்லாம் சேறு பூசியது மாதிரி தெரியும், லாபமும் இருக்காது. கேமில் எஃப்எஸ்ஆர் இருந்தால் போட்டுப் பாருங்கள், படத்தைச் சின்னதாக வரைந்து திரைக்குப் பெரிதாக்கும் வசதி அது. ஏஎம்டி கொண்டுவந்தது என்றாலும் அதன் முதல் இரண்டு வடிவங்கள் இன்டெல், என்விடியா கார்டுகளிலும் ஓடும். ஆனால் 720-க்குக் கீழிருந்து அது இழுத்துப் பெரிதாக்கும் படம் எண்ணெய் படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும். எனக்குப் பிடிக்காது.

தடை சிபியு என்றால் ரெசல்யூஷனைத் தொடாதீர்கள். கூட்டத்தின் அடர்த்தி, எவ்வளவு தூரம் தெரிய வேண்டும், பிசிக்ஸ் இவற்றைக் குறையுங்கள். பின்னால் ஓடும் பிரவுசரை மூடுங்கள். மூடுவது என்றால் மினிமைஸ் செய்வது இல்லை. கேம் பாரின் பின்னணிப் பதிவையும் அணையுங்கள், முந்தின அரை நிமிடத்தைப் பதிவு செய்து வைத்துக்கொண்டே இருக்கும் வசதி அது. பழைய மெஷினில் அதற்கு நாம் தண்டம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டர்களில் இன்னொரு இடம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் கீழே ஸ்லாட்ஸ் யூஸ்டு என்று ஒரு வரி இருக்கும். மருமகனுடையதில் 1 ஆஃப் 2 என்று இருந்தது. இரண்டு இடத்தில் ஒன்று காலி. அந்த வரியைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

தனி கார்டுக்கு அதற்கென்று சொந்த மெமரி உண்டு. பழைய ஜிடிஎக்ஸ் 1050-ஐ எடுத்துக்கொண்டால்கூட விநாடிக்கு 112 ஜிபி தரவை அதன் மெமரி தள்ளும். சிபியுவோடு ஒட்டிப் பிறந்த கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, சாதாரண ரேமைத்தான் சிபியுவோடு பங்கு போட்டுக்கொள்ளும். டிடிஆர்4 2400 ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் விநாடிக்கு 19.2 ஜிபிதான் வழி. அந்த ஒற்றையடிப் பாதையில் சிபியுவும் போக வேண்டும், ஜிபியுவும் போக வேண்டும். இரண்டாவது ஸ்டிக் போட்டால் பாதை இரட்டிப்பாகி 38.4 ஆகும். இதுதான் டூயல் சேனல். "8 ஜிபி இருக்கே, போதாதா" என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது, அது ஒரு 8-ஆ, இரண்டு 4-ஆ என்றுதான்.

அவனுக்குச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கிப் போட்டோம். 4-உம் 8-உம் சேர்ந்தால் டூயல் சேனல் வராது என்று கடையில் ஒருவர் சொன்னார். அது பாதி உண்மை. இன்டெல் சிப்களில் இரண்டிலும் சமமாக இருக்கும் பகுதி, அதாவது 4-உம் 4-உம், இரட்டைப் பாதையில் ஓடும். மிச்சமுள்ள 4 மட்டும் ஒற்றைப் பாதை. ஜிடிஏ 5-ல் அதே தெரு, அதே செட்டிங்ஸ்: முன்பு 22, 23-ல் திணறியது 30-ஐத் தாண்டிவிட்டது. வேறு எதையும் நாங்கள் தொடவில்லை.

வாங்கப் போகும்போது பழைய ஸ்டிக்கைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் வெட்டு ஒரே இடத்தில்தான் இருக்கும், வோல்டேஜ்தான் வேறு. முன்னது 1.5, பின்னது 1.35. 1.35 மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் சாதாரண டிடிஆர்3 போட்டால் பல நேரம் திரையே வராது. சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் மதர்போர்டோடு பற்றவைத்திருக்கும், அங்கே ஒன்றும் செய்வதற்கில்லை. காசு கொடுக்கும் முன் பின்மூடியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

டெஸ்க்டாப்காரர்களுக்கு இன்னும் ஒன்று. ரேமின் டப்பாவில் 3200 என்று போட்டிருக்கும், டாஸ்க் மேனேஜரில் 2133 அல்லது 2400 என்று காட்டும். பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி என்ற ஒன்றை ஆன் செய்யும்வரை அது அப்படியேதான் ஓடும். மதர்போர்டு அதற்கு இடம் கொடுத்தால் போடுங்கள், காசில்லாத லாபம்.

பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் படுத்துக்கொள்கிறது

இது சூடு. ஏறக்குறைய எப்போதும் சூடுதான்.

ஆடத் தொடங்கும்போது கிளாக் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும். வெப்பநிலை 95, 97 என்று ஏறும். பெரும்பாலான இன்டெல் லேப்டாப் சிப்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. எல்லையைத் தொட்டதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், கேம் சரியும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி ஏறும், மறுபடி சரியும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் தெர்மல் த்ராட்லிங் என்ற வரிக்கு எதிரில் யெஸ் என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். ஜனவரியில் நன்றாக ஓடியது மே மாதத்தில் திக்குகிறது என்றாலும் இதுதான். அறையின் சூடு பத்து டிகிரி ஏறினால் உள்ளே இருப்பதும் அதற்குத் தக்கபடி ஏறும்.

முதலில் மெத்தையிலிருந்து எடுங்கள். காற்று உள்ளே போகும் வழி பல லேப்டாப்களுக்கு அடிப்பக்கம் இருக்கிறது. மெத்தையில் வைத்தால் மூக்கைப் பொத்திவிட்டு ஓடச் சொல்வது போல. மேசையில் வைத்து, பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடியைக் கீழே கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே நான்கைந்து டிகிரி இறங்கும். காசு கொடுத்து வாங்கும் கூலிங் பேடுகளில் பலவும் பாட்டில் மூடியைவிடப் பெரிதாக எதுவும் செய்வதில்லை.

அடுத்தது தூசி. வெளியிலிருந்து புளோயரால் ஊதுவது அரைகுறை வேலை. ஃபேனுக்கும் அதன் வாயிலிருக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில்தான் தூசி சேரும், ஊதினால் அது தகட்டோடு இன்னும் ஒட்டிக்கொள்ளும். மருமகன் லேப்டாப்பைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஃபேனின் மூன்று ஸ்க்ரூவை எடுத்தேன். தகடுகளின் உள்பக்கம் முழுக்க சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு படிந்திருந்தது. சின்ன இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், ஒரே துண்டாக உரிந்து வந்தது, தோசைக்கல்லை விட்டு வரும் தோசை மாதிரி. அவன் அதை ஃபோட்டோ எடுத்துக்கொண்டான். ஐந்து வருடமாக அந்தக் கம்பளி வழியாகத்தான் அந்த லேப்டாப் மூச்சு விட்டிருக்கிறது.

ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு பல்குச்சியால் அசையாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். புளோயர் காற்றில் கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் போய்விடும். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டி வையுங்கள், ஏனென்றால் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையான இடத்தில் திருகினால் கீபோர்டு பக்கம் குத்திக்கொண்டு வரும்.

நான்கைந்து வருடமானால் தெர்மல் பேஸ்டும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, லேப்டாப்பின் சின்ன சிப்புக்குப் புழுங்கலரிசி ஒன்றிரண்டு அளவுக்குப் புதுப் பேஸ்ட் போதும். ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும், அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். கையில் நடுக்கம் இருந்தாலோ வாரண்டி பாக்கி இருந்தாலோ கடையில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது ஃபேனைக் கழற்றித் தகட்டைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், வெறும் சர்வீஸ் என்று சொன்னால் ஊதித்தான் கொடுப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு 80-ஐத் தாண்டாமல் இருந்தும் ஆட்டம் தொடங்கி அரை நிமிடத்தில் வேகம் இறங்குகிறதா? அது சூடு இல்லை, மின்சாரப் பங்கீடு. பெயரில் யு என்று முடியும் அந்தக் காலச் சிப்களுக்கு நீடித்த அனுமதி 15 வாட்தான். தொடக்கத்தில் கொஞ்ச நேரம் அதைவிட அதிகம் எடுத்துக்கொள்ளும், பிறகு 15-க்குள் வந்தாக வேண்டும். அந்த 15 வாட்டை சிபியுவும் ஜிபியுவும் பங்கு போடும்போது, டர்போ என்ற கூடுதல் வேகத்தில் தலைதெறிக்க ஓடும் சிபியு பெரும்பங்கை விழுங்கிவிடும், படம் வரைய வேண்டிய ஜிபியு பட்டினி கிடக்கும்.

இதற்கு ஒரு தலைகீழ் வைத்தியம் உண்டு. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ப்ராசசர் பவர் மேனேஜ்மென்ட், மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட் என்று போய் 100-ஐ 99 ஆக்குங்கள். பார்க்க ஒரு சதவீதம்தான், ஆனால் டர்போ மொத்தமாக நின்றுவிடும். சிபியு அடிப்படை வேகத்துக்கு வரும், மிச்சமாகும் வாட் ஜிபியுவுக்குப் போகும், சூடும் இறங்கும். ஒரு கார் பந்தய கேமில் எங்களுக்கு இது நன்றாக எடுபட்டது. வாலரன்ட்டில் எஃப்பிஎஸ் குறைந்தது, ஏனென்றால் அது சிபியுவை நம்பி ஓடும் கேம், 8250யு-வின் அடிப்படை வேகமோ வெறும் 1.6 கிகாஹெர்ட்ஸ். அதனால் கேமுக்குக் கேம் சோதித்துப் பார்த்துவிட்டு வையுங்கள். புதிய லேப்டாப்கள் சிலவற்றில் இந்த வரி மறைந்திருக்கும்.

நன்றாக ஓடும்போதே திடீரென்று ஒரு நொடி உறைகிறது

சராசரி எஃப்பிஎஸ் 40 இருக்கும். திருப்பத்தில் வண்டியைத் திருப்பினால், புதிய இடத்துக்குள் நுழைந்தால், படம் சிலையாகி நின்று பிறகு குதிக்கும். உறையும்போது டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100%-ல் இருந்தால் ஹார்ட் டிஸ்க்தான் காரணம்.

கணக்கைப் பாருங்கள். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி விநாடி. 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதற்கு முன் ஊசி அந்தத் தடத்துக்கு நகர்ந்து போக இன்னும் பத்துப் பன்னிரண்டு. ஒரே ஒரு துண்டைத் தேடி எடுப்பதற்குள் ஒரு ஃப்ரேம் போய்விட்டது. கேம் ஒரு தெருவைத் திறக்க இப்படி நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கேட்கும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை. சாட்டா எஸ்எஸ்டி போதும், 2.5 அங்குல டிஸ்க் இருந்த அதே இடத்தில் உட்காரும். பழைய டிஸ்க்கைத் தூக்கிப்போட வேண்டாம். டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப் என்றால் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி என்ற தட்டு ஒன்றைப் போட்டு ஹார்ட் டிஸ்க்கை அதில் வைக்கலாம். கேடி 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வரும், அளந்துவிட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டி எஃப்பிஎஸ்ஸை ஏற்றும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது உறைவதை நிறுத்தும், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

டிஸ்க் 100% என்றாலும் அடிப்படைக் காரணம் ரேமாக இருக்கலாம். ரேம் நிரம்பி வழிந்தால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதும். அந்த இடம்தான் பேஜ் ஃபைல். அதை அணைத்தால் உறைவது நிற்கும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அணைத்தால் எழுத இடமில்லாமல் கேம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும், மருமகனுக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது. விண்டோஸே அளவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். ரேம் கிளீனர் என்று வருவதும் இதே ஏமாற்று. வேண்டியதையும் சேர்த்து ரேமிலிருந்து துரத்துகிறது, அடுத்த நொடியே அதையெல்லாம் டிஸ்க்கிலிருந்து திரும்ப ஏற்ற வேண்டியிருக்கிறது.

டிஸ்க்கும் சும்மா இருக்கிறது, ரேமும் இருக்கிறது, ஆனாலும் புதிதாக ஒரு வெடிப்பு, புதிதாக ஒரு துப்பாக்கி வரும்போது மட்டும் உறைகிறது, இரண்டாம் முறை அதே இடத்தில் உறையவில்லை என்றால் அது ஷேடர் தயாரிப்பு. உங்கள் கார்டுக்கு ஏற்றபடி அந்தக் காட்சியின் நிரலை முதல் முறை சமைத்து வைத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று ஆட்டம் பொறுங்கள். ஷேடர் கேஷை அடிக்கடி அழிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சமைக்க வேண்டிவரும். மெனுவில் ஷேடர் கம்பைல் என்று சதவீதம் ஓடும்போது அவசரப்பட்டு உள்ளே போகவும் வேண்டாம்.

எஃப்பிஎஸ் 50 காட்டுகிறது, ஆனால் கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு ஓடவில்லை

எண் பொய் சொல்லவில்லை, சராசரியைச் சொல்கிறது. 50 ஃப்ரேமும் சம இடைவெளியில் வந்தால் கண் ஏற்கும். பத்து வேகமாக வந்து, பிறகு ஒரு பெரிய இடைவெளி விட்டு அடுத்த பத்து வந்தால் ஏற்காது. ஆஃப்டர்பர்னரில் ஃப்ரேம் டைம் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அது கோலப் புள்ளி மாதிரி ஒரே வரிசையில் போக வேண்டும், இசிஜி மாதிரி குதிக்கக் கூடாது.

குதித்தால், ஆஃப்டர்பர்னரோடு வரும் ஆர்டிஎஸ்எஸ்ஸில் எஃப்பிஎஸ்ஸுக்கு உச்சவரம்பு போடுங்கள். 28-க்கும் 50-க்கும் நடுவில் அலைவதைவிட 30-ல் ஆணி அடித்தது மாதிரி நிற்பது கைக்கும் கண்ணுக்கும் எவ்வளவோ மேல். 60 ஹெர்ட்ஸ் திரையில் 30 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு தடவை காட்டப்படும். 40 என்று வைத்தால் 60-ஐ அது சரியாக வகுக்காது, நடை நொண்டும். பிள்ளைகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எஃப்பிஎஸ்ஸைக் குறைத்தால் நன்றாக ஓடும் என்று சொன்னால் மாமாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஆட விட்டுவிட்டு எண்ணை மறைத்து வையுங்கள்.

எஃப்பிஎஸ் 60-லிருந்து நேராக 30-க்கு விழுந்து விழுந்து ஏறினால், ஃப்ரேம்களைத் திரையின் வேகத்தோடு சேர்த்துக் கட்டும் விசிங்க் காரணம். 58 எடுக்க முடிந்தாலும் 60 எட்டவில்லை என்பதால் பாதியாக்கிவிடுகிறது. விசிங்க்கை அணைத்துவிட்டு மேலே சொன்ன உச்சவரம்பைப் போட்டுப் பாருங்கள்.

ஆன்லைனில் ஆடும்போது மட்டும் திக்குகிறது

எஃப்பிஎஸ் எண் அப்படியே இருக்க, ஆள் மட்டும் முன்னால் ஓடிப் பின்னால் இழுபட்டால் கம்ப்யூட்டர் மேல் பழியில்லை. கேமுக்குள் பிங் எண்ணைப் பாருங்கள், சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம் அது. லேன் கேபிள் ஒன்றைச் செருகிச் சோதிப்பதுதான் நல்ல வழி. முடியாதென்றால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பேசும் இடத்தில்தான் புளூடூத் இயர்ஃபோனும் பேசுகிறது, இரண்டும் மோதிக்கொள்ளும். வீட்டில் யாராவது ஃபோனிலிருந்து கல்யாண ஃபோட்டோக்களை ஏற்றிக்கொண்டிருந்தாலும் பிங் எகிறும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2-க்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் உண்டு, எங்கோ தூரத்துச் சர்வரில் மாட்டிக்கொள்ளாதபடி செட்டிங்ஸில் அதிகபட்ச பிங்கைக் குறைத்து வையுங்கள்.

கேம் ஆடாதபோதும் ஃபேன் இரைகிறது

சும்மா டெஸ்க்டாப்பில் இருக்கும்போதே ஜிபியுவோ சிபியுவோ 80, 90% என்று ஓடுகிறதா? டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் மட்டும் இறங்கிவிடுகிறதா? கிராக் செய்த கேம் எதையாவது சமீபத்தில் இறக்கினீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கரண்டில் வேறு யாரோ கிரிப்டோ தோண்டிக்கொண்டிருக்கலாம். டிஃபென்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று கேட்ட கேமை அழித்துவிடுங்கள். என்னைக் கேட்டால் முக்கியக் கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு விண்டோஸை மறுபடி போடுவதுதான் நிம்மதி. அந்த மெஷினில் பேங்க் பாஸ்வேர்டு அடித்திருந்தால் வேறு ஃபோனிலிருந்து உடனே மாற்றுங்கள்.

எல்லாம் செய்தாயிற்று, கேம் திறக்கவே மாட்டேன் என்கிறது

இங்கே டியூனிங் உதவாது. பழைய கவுன்டர் ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவ் கேமை 2023 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் கவுன்டர் ஸ்ட்ரைக் 2-ஆக மாற்றியது. கேம் ஜிபியுவோடு பேசும் வழியான டைரக்ட்எக்ஸில் பழைய 9-உம், 32 பிட் விண்டோஸும் அத்தோடு போயின. அதுவரை அந்தப் பழைய கேம் நன்றாக ஓடிய மெஷின்கள் பல ஒரே நாளில் நின்றன. லேப்டாப் மெதுவாகிவிடவில்லை, கேம் வீடு மாறிவிட்டது. டைரக்ட்எக்ஸ் 12 கட்டாயம் என்று கேட்கும் கேம்களும் இப்படித்தான்: மூன்றாம் தலைமுறை ஐ3-ல் வரும் எச்டி 4000 கிராஃபிக்ஸுக்கு அது கிடையாது, எந்த டிரைவர் போட்டாலும் வராது. ஆனால் அதே எச்டி 4000-ஐ வாலரன்ட் தன் குறைந்தபட்சத் தேவையில் ஏற்றுக்கொள்கிறது. விண்டோஸ் 11-ல் ஆடினால் மட்டும் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். ஜிடிஏ 5-ன் 2015 பதிப்பில் கிராஃபிக்ஸ் மெனுவில் டைரக்ட்எக்ஸ் 10 என்று ஒரு தேர்வு இருக்கிறது, ரொம்பப் பழைய கார்டுக்கு அதைப் போட்டுப் பார்க்கலாம். வாங்குமுன் ஸ்டீம் பக்கத்தில் குறைந்தபட்சத் தேவையைப் படியுங்கள். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். அந்த இரண்டு மணி நேரத்தில் அரை மணியாவது எண்களைத் திரையில் வைத்துக்கொண்டு ஆடுங்கள்.

மருமகன் லேப்டாப்புக்கு மொத்தம் ஆனது ஒரு ரேம் ஸ்டிக், ஒரு எஸ்எஸ்டி, கொஞ்சம் பேஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூஸ்டரை நீக்கி, நிறுத்தி வைத்த சர்வீஸ்களைத் திரும்ப ஓடவிட்டதும் பிரிண்டரும் வேலை செய்தது. போன வாரம் ஃபோன் செய்தான். "மாமா, இப்ப லேக் ஆகுது. பத்து நிமிஷம் கழிச்சு, கிளாக் 1.9-க்கு இறங்குது, டெம்பரேச்சர் 96." மெத்தையில் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை.